கூரையில் தொங்கிய கட்டில்

எட்டடிக்குப் பதினான்கடி. பட்டணத்தில், காஜா பெராங் என்ற பகுதியில், ஒரு சீனரின் சைக்கிள் கடைக்கு மேலே, ஓட்டுக்கூரையின் பின்சரிவுக்குள் அடங்கிய எங்கள் மாடியறையின் அளவு அதுதான். முன்பக்கத்துப் பலகைத் தடுப்பை ஒட்டி நாலடி அகலத்துக்கு மட்டும் நிமிர்ந்து நடக்கலாம். அதற்கப்பால் கூரை இறங்கிக்கொண்டே போகும். குனிந்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் தவழ்ந்துதான் பின்சுவரைத் தொட முடியும். குடிபோன முதல் வாரத்தில் என் நெற்றியில் மூன்று புடைப்புகள். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். நான்காவது புடைப்பு அவருக்கு விழுந்தபோது நான் வயிறு நோகச் சிரித்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பொறுமை என்பது கடுகளவும் கிடையாது.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் அது. ஊரே புதிய நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு கவலைதான். இந்த அறைக்குள் என் மகளுக்கு ஒரு படுக்கை போட இடம் கிடைக்குமா, கிடைக்காதா?

மகள் அப்போது எங்களோடு இல்லை. என் கணவருக்குப் பட்டணத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தபோது, நாங்கள் முதலில் இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நடுவில் கட்டிய பழைய சேலைதான் சுவர். ஒன்பது பேர் மூச்சுவிட்ட அந்த அறையில் பிள்ளைக்கு இருமல் வந்து, நிற்கவே இல்லை. கணவரின் அக்கா ஒருநாள் வந்து பார்த்தார். குருபோங்கைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலெல்லாம் தொட்டிலில் போட்டு ஆட்டும் வேலை. புருஷனை இழந்தவர், சொந்தப் பிள்ளையும் இல்லை. "இருமல் நிக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். இருமல் பத்து நாளில் நின்றது. பிள்ளை திரும்பி வர இரண்டரை வருடம் ஆயிற்று.

கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அண்ணியை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு வாய் ஓயாமல் சொன்னேன். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவோம். பிள்ளை கொழுகொழுவென்று இருப்பாள், எண்ணெய் வைத்து வாரிய தலை மினுங்கும், என்னைக் கண்டதும் அண்ணியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளை வெளியே இழுக்க நான் கொண்டுபோன பிஸ்கோத்தைக் காட்ட வேண்டியிருக்கும். பெற்ற பிள்ளையைப் பிஸ்கோத்துக் காட்டிக் கூப்பிடும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. திரும்பும் பஸ்ஸில் நான் அழுவேன். கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

அந்தத் தீபாவளிக்குப் போனபோது நான் பேச்சை எடுத்தேன். பிள்ளைக்கு ஆறு முடிந்துவிட்டது, ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

"அண்ணி, பாப்பாவ இனிமே நாங்க கூட்டிட்டுப் போயிடுறோம்."

அண்ணி எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க? அந்தப் பரணுக்கா? நிமுந்தா இடிக்குதுன்னு தம்பி சொல்லிச்சே."

"இடமெல்லாம் இருக்கு அண்ணி."

"எங்க இருக்கு? ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சொருகி வைக்க அது என்ன தலகாணியா? பொம்பளப் புள்ள. தலை சாய்க்க அதுக்குன்னு ஓர் எடம் வேணும். அதக் காட்டுங்க, விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி இங்கயே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல போட்டுடுறேன். வாத்தியார்கிட்டப் பேசிட்டேன்."

வாத்தியாரிடம் பேசிவிட்டார் என்றதும் நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். டிசம்பர் கடைசிக்குள் தானே வந்து பார்ப்பதாக அண்ணி சொன்னார். என் கணவர் வழக்கம்போல் "சரிக்கா" என்றார். அவருக்கு எல்லாமே சரிதான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, பஸ் போய்விட்டாலும் சரி. அன்றைக்கு பஸ்ஸில் நான் அழவில்லை. அவரைத்தான் வறுத்தெடுத்தேன்.

அறையில் இடம் கண்டுபிடிப்பது எப்படி என்று அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. சாமான்கள் எங்கே விழுந்ததோ அங்கே கிடந்தன. என் கணவர்தான் முதலில் ஒரு வழி சொன்னார். அதற்காக மட்டும் அவரை மன்னித்தேன். எழுத்துக் கோப்பவர்களுக்கு முன்னால் சின்னச் சின்ன அறைகள் தடுத்த ஒரு பெரிய பெட்டி இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. அடிக்கடி வேண்டிய எழுத்து கைக்குப் பக்கத்தில், எப்போதோ வேண்டியது எட்டாத மூலையில். கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார்கள். "வீட்டையும் அப்படி அடுக்கிடலாம்" என்றார். "மொதல்ல நீங்க ஒங்க சட்டைய அடுக்குங்க" என்றேன்.

ஆனால் அது நல்ல யோசனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் தொடும் பொருள் நிமிர்ந்து நிற்கும் பக்கத்துக்கு வந்தது. வருடத்தில் இரண்டு முறை தொடும் பொருள் கூரை தாழ்ந்த மூலைக்குள் போனது. இரும்புப் பெட்டிக்குக் கடைக்காரர் நான்கு பழைய சைக்கிள் பேரிங்குகள் கொடுத்தார். அவற்றைப் பெட்டிக்கு அடியில் பொருத்தி, பிடியில் கயிறு கட்டிவிட்டோம். கயிற்றை இழுத்தால் இருட்டு மூலையிலிருந்து பெட்டி தானாக ஓடிவரும். தவழும் வேலை ஒழிந்தது. சாப்பாட்டு மேசையைப் பலகைத் தடுப்பில் கீல் போட்டு மாட்டினோம். சாப்பிட்டதும் மடக்கிவிட்டால் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டிய கண்ணாடி தெரியும். பின்சுவரில் இருந்த ஒரே சன்னலின் வெளிச்சம் அதில் பட்டு அறை இரண்டு மடங்காகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடி என்னுடைய யோசனை. இதை எங்கே சொன்னாலும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

அச்சகத்தில் கழித்துப்போட்ட எழுத்துப் பெட்டி ஒன்றையும் கணவர் கொண்டுவந்தார். கடுகு, மிளகு, வெந்தயம் போட்டு வைக்கலாமாம். மை ஏறிக் கன்னங்கரேலென்று இருந்த அந்தப் பெட்டியைச் சமையல் சாமான் பக்கமே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு அதை உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டு, ஊசி, நூல், பித்தான், தைலக் குப்பி, பேனா நிப்பு எல்லாம் போட்டோம். தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு. வடக்கிலும் தெற்கிலும் இருந்த செங்கல் சுவர்கள் பக்கத்துக் கடைகளுக்கும் பொது. அவற்றில் ஆணி அடிக்கக் கூடாது என்பது கடைக்காரர் போட்ட முதல் சட்டம். நான் சுத்தியலைக் கையில் எடுத்தாலே கீழேயிருந்து குரல் வரும்.

"தா பூலே! தெம்போக் தா பூலே!" சுவரில் கூடாதாம்.

"தாவு, தவுக்கே, தாவு" என்பேன். தெரியும் முதலாளி, தெரியும். சுத்தியல் எடுத்தது தேங்காய் உடைக்க.

தவுக்கே போட்ட இரண்டாவது சட்டம், மாடிப்படி ஏறிவரும் குழிக்கு மூடி போடக் கூடாது என்பது. மாடியின் முன்பாதியில் அவருடைய சைக்கிள் சட்டங்களும் டயர்களும் அடுக்கியிருந்தன. நினைத்த நேரத்தில் அவர் ஏறிவருவார். எங்கள் அறையின் தெற்கு ஓரத்தில் அந்தக் குழி எப்போதும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும்.

எவ்வளவு ஒதுக்கியும் தரையில் மூன்று பேர் படுக்க இடம் வரவில்லை. எங்கள் இரண்டு பாய்களை விரித்தால் மீதி இருப்பது குழியோரத்தில் ஆறடி. அங்கே ஒரு கட்டில் போட்டால் பகலில் நடக்க வழி இல்லை. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு அந்த ஆறடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கணவர் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார்.

"மேல எவ்வளவு எடம் சும்மா கெடக்கு பாரு" என்றார்.

உண்மைதான். உத்தரத்துக்கு மேலே கூரைமுகடு வரை வெறும் காற்றுதான் இருந்தது. ஒரு கட்டிலைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பகலில் உத்தரம் வரை ஏற்றிவிடலாம், இரவில் இடுப்பு உயரத்துக்கு இறக்கலாம். நான் எழுந்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவர் படுத்தவாக்கிலேயே, நெஞ்சுக்கு மேல் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உத்தரம், சன்னல், குழி எல்லாம் போட்டுப் படம் வரைந்தார். கட்டிலின் ஒரு முனையில் உயரமான பெட்டி. அதற்குள் பிள்ளையின் துணிமணி, அதன் மூடிமேல் சாய்வாகத் தலையணை. பிள்ளை விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கைப்பலகை. அந்தப் பெட்டிமுனை குழி இருக்கும் தெற்குப் பக்கம் வர வேண்டும். பிள்ளை தெற்கே தலை வைத்துப் படுப்பாள், புரண்டாலும் பெட்டி தடுக்கும். ஒரே பெட்டியில் மூன்று வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

பலகைக்கு என்ன செய்வது என்று கேட்டபோது தவுக்கே எங்களை முன்பாதிக்குக் கூட்டிப்போனார். ஆகஸ்டில் மெர்டேக்கா கொண்டாட்டத்துக்காகக் கடைக்காரர்கள் சேர்ந்து சாலையில் ஒரு பெரிய வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். பிரித்த பலகைகள் அவரிடம்தான் கிடந்தன. சிவப்பும் மஞ்சளுமாக, பாதிப் பாதி எழுத்துகளோடு.

"ஆனாக் பூஞா?" என்று கேட்டார். பிள்ளைக்கா?

ஆமாம் என்று தலையாட்டினேன். எடுத்துக்கொள் என்பதுபோல் இரண்டு கையையும் வீசினார். அடுத்த தெருவில் அலமாரி செய்யும் சீன ஆசாரி ஒருவரையும் அவரே பிடித்துக் கொடுத்தார். ஆசாரிக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. என் கணவர் வரைந்த படம்தான் பேசியது. படத்தில் உள்ளபடி ஒரு நூல் பிசகாமல் செய்கிறேன் என்று ஆசாரி கட்டைவிரலைக் காட்டினார்.

அவர் சொன்னபடியே செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

அண்ணி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை பிற்பகல் கட்டில் ஏறியது. நான்கு மூலையிலும் இரும்பு வளையம், நான்கு கயிறு, உத்தரத்தில் கப்பி. ஆசாரி கயிற்றை இழுத்துக் காட்டினார். கட்டில் சத்தமில்லாமல் மேலே போனது, கீழே வந்தது. அவர் போன பிறகு நான் விரிப்பைப் போட்டுத் தலையணையை வைத்தேன். பின்சுவர்ச் சன்னல் வழியாக மாலை வெயில் என் வலது கன்னத்தில் சுள்ளென்று அடித்தது. தலையணையைப் பார்த்து நின்றிருந்த எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. மேற்கு வலது கைப்பக்கம் என்றால் என் முகம் எங்கே பார்க்கிறது? தெற்கே. அப்படியானால் தலையணை தெற்கே. சரிதானே என்று மூச்சை விட்டேன். பிறகு தலையணையை மறுபடி பார்த்தேன். அதை நான் பெட்டிமேல் வைக்கவில்லை, பழக்கதோஷத்தில் குழியோரத்து மொட்டை முனையில் வைத்திருந்தேன். பெட்டி என் முதுகுக்குப் பின்னால், வடக்கே இருந்தது.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே தவுக்கே சைக்கிள் மணியைக் கீழே போட்டுவிட்டார்.

கணவர் படத்தை எடுத்துப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. மல்லாந்து படுத்து, மேலே பார்த்து வரைந்த படம் அது. தரையில் வைத்துப் பார்த்தால் வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறிவிடும். ஆசாரி சன்னலை மட்டும் அடையாளமாக வைத்துப் படத்தில் உள்ளபடி மாட்டிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வரைந்து முடித்ததும் எங்கோ இடிக்கிறதே என்று தோன்றியிருக்கும். இவரோ நாள் முழுக்க ஈய எழுத்துகளை இடவலம் மாறியே பார்த்துப் பழகியவர். மாறியிருப்பதுதான் அவர் கண்ணுக்கு நேர்.

"பெட்டிமேலதான் தலை வைக்கணும்னா வடக்கால வரும்" என்றார் மெதுவாக.

"இந்தப் பக்கம் வச்சா?"

அவர் குழியை எட்டிப் பார்த்தார். மொட்டை முனையில் தலை வைத்துப் பிள்ளை புரண்டால் படிக்கட்டில்தான் விழுவாள். பெட்டியைக் கழற்றி மறுமுனையில் மாட்ட ஆசாரிதான் வர வேண்டும். அவர் அன்று மாலையே மகள் வீட்டுக்கு கிளேபாங் போய்விட்டார், திங்கட்கிழமைதான் திரும்புவார். அண்ணியோ நாளைக் காலை வருகிறார். ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தையைக்கூட வடக்கே தலை வைத்துக் கிடத்தவிடாத அண்ணி. நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். எழுத்துக் கோத்தால் ஒரு பக்கம் வரும் என்று மட்டும் என் கணவர் பிற்காலத்தில் சொல்வார்.

காலையில் எனக்கு ஒரு குறுக்குப்புத்தி தோன்றியது. தலையணையைத் தெற்கு முனையில் வைத்து, குழிப் பக்கம் என் பழைய சேலையை இரண்டு கயிற்றுக்கும் இடையே இறுக்கிக் கட்டிவிட்டேன். பார்க்க ஏதோ அலங்காரத் திரைபோல் இருந்தது. ஒன்றும் பேசாதீர்கள் என்று கணவரிடம் கண்ணைக் காட்டினேன். "சரி" என்றார்.

அண்ணி ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளையுமாக ஏறிவந்தார். நிமிர்ந்து நின்றார். இடிக்கவில்லை. அறை முழுக்கக் கண்ணை ஓட்டினார். நான் பெட்டியை இழுத்து ஓடவைத்தேன், மேசையை மடக்கினேன், கண்ணாடியைக் காட்டினேன். பிள்ளை எழுத்துப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றாள். ஒவ்வோர் அறையாக விரலை விட்டுப் பித்தானை எடுத்தாள். அண்ணியின் சேலைக்குப் பின்னால் அவள் போகாததை நான் கவனித்தேன். கணவர் கட்டிலை இறக்கினார்.

"இது எனக்கா?" என்றாள் பிள்ளை.

நான் ஆமாம் என்பதற்குள் அவள் பெட்டிமேல் ஏறி, அதன் சாய்வில் தலையை வைத்து, காலை நீட்டிப் படுத்துவிட்டாள். சாய்வு இருந்தால் பிள்ளை அங்கேதானே தலை வைக்கும்? அண்ணி சன்னலைப் பார்த்தார். என் சேலைத் திரையைப் பார்த்தார், அதற்கு இந்தப் பக்கம் கிடந்த தலையணையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள தலை எங்கிட்டு இருக்கு?"

  இரண்டரை வருடம் காத்திருந்து, இரண்டு மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு பெட்டி திசைமாறியதால் பிள்ளையைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப்போகப் போகிறார். கேட்க நமக்கு முகம் ஏது? பொய்க்குக் கட்டிய சேலை வேறு அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது.

"வடக்க அக்கா" என்றார் என் கணவர். "நான்தான் படத்த மாத்திப் போட்டுட்டேன். நாளைக்கு ஆசாரி வந்ததும் பெட்டியக் கழட்டி..."

"ஆசாரி எதுக்கு?"

அண்ணி குடையை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அருகே போனார். ஒரு கயிற்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"இது என்னா கட்டிலா? தொட்டில். நான் ஒரு நாளைக்கு முப்பது தொட்டில் கட்டி அவுக்குறேன். கயித்துலதான தொங்குது, சுவத்துலயா மாட்டியிருக்கு? நாலு முடிச்ச அவுத்து, பலகைய அப்படியே ஒரு சுத்து சுத்தி, திரும்பக் கட்டுனா முடிஞ்சுது. இதுக்குப் போயி சேலையக் கட்டி வேசம் போட்டுக்கிட்டு! தம்பி, அந்த முனையத் தூக்கு. நீ இந்தப் பக்கம் புடி."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவரில் ஆணி அடிக்க முடியாமல் போனதால்தான் அது கயிற்றில் தொங்குகிறது. அது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கட்டில் என்று நினைத்துவிட்டோம், கட்டிலைச் சுற்ற முடியும் என்று தோன்றவே இல்லை. அண்ணி பிள்ளையை இறக்கிவிட்டு, நான்கு முடிச்சையும் அவிழ்த்தார். பலகையைச் சுற்றினோம். பெட்டிமுனை குழிப் பக்கம் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணி ஒவ்வொரு முடிச்சையும் போட்டு, தன் முழு பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார். பிள்ளை ஏறிப் படுத்தாள். தெற்கே தலை, காலடியில் வெளிச்சம்.  அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுத்து தலைகீழாப் போச்சே" என்றார் கணவர், கட்டிலின் அடிப்பலகையைக் குனிந்து பார்த்து. வளைவில் இருந்த சிவப்பு எழுத்துகளில் பாதி அங்கே இருந்தன. "எனக்குப் படிக்க வசதியாத்தான் இருக்கு."

அண்ணி அவர் முதுகில் ஒன்று வைத்தார். "போய் கீழ சைக்கிள் கடையில மூட்டை வச்சிருக்கேன், எடுத்துட்டு வா."

மூட்டை வந்தது. நான்தான் பிரித்தேன். பிள்ளையின் துணி ஒன்று விடாமல் இருந்தது. சிலேட்டு, மரப்பாச்சி, தீபாவளிச் சட்டை, எண்ணெய்க் குப்பி. பூப்போட்ட புதுத் தலையணை உறை. பள்ளிக்கூடத்துக்குப் போட இரண்டு புதுச் சட்டைகள், கையால் தைத்தவை, ஒவ்வொரு தையலும் நெல்மணி அளவுக்குச் சீராக. இவையெல்லாம் ஒரே நாளில் தைத்துக் கட்டிய மூட்டை இல்லை. மாடியைப் பார்ப்பதற்கு முன்பே, தீபாவளி முடிந்த கையோடு உட்கார்ந்து தைக்கத் தொடங்கியிருக்கிறார்.

"அண்ணி, எடம் சரியில்லன்னா கூட்டிட்டுப் போயிருப்பீங்கதானே?" என்றேன். 

"பெத்தவகிட்டேர்ந்து புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?" என்றார், துணிகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே. "நான் அப்படி வெரட்டலன்னா இந்தத் தம்பி ஒரு பலகையத் தூக்கியிருக்குமா? சரிக்கா சரிக்கான்னு இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருக்கும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டரை வருடம் நான் திட்டியதெல்லாம் இந்த மனுஷியையா என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கீழே போய் அடுப்பை மூட்டிக் கோழிக்கறி வைத்தேன். நான்கு பேரும் மடக்குமேசையில் முழங்கை இடிக்கச் சாப்பிட்டோம். தவுக்கே மாடி ஏறிவந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆணி எங்கும் இல்லை என்று திருப்தியாகப் போனார்.

நாலு மணி பஸ்ஸுக்கு அண்ணி கிளம்பினார். குடையைக் கையில் எடுத்தபோது பிள்ளை கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை எங்க படுப்பாங்க?"

 அறையை அங்குலம் அங்குலமாக அளந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் நினைவுக்கு வந்திருக்கவில்லை. அண்ணி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக் காலை ஆயாக்கொட்டகையில் முப்பது குழந்தைகள் இருக்கும். சாயங்காலம் அவரவர் தாய் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான்.

நான் கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். இடுப்பு உயரத்தில் கட்டில் தொங்கும்போது அதன் அடியில் ஆறடித் தரை அப்படியே சும்மா கிடந்தது. அங்கே இரண்டு தகரப் பெட்டிகளைத் தள்ளிவைக்கலாம் என்று அன்று காலைதான் கணக்குப் போட்டிருந்தேன். பாயை எடுத்து அங்கே விரித்தேன்.

"இதோ, இது அத்தை எடம்" என்றேன். "அண்ணி, மாசம் ஒருக்கா வாங்க. வந்தா தங்கிட்டுப் போங்க."

"நான் என்ன குடியா வரப்போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து, பாயின் தலைமாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். தெற்கேதான் இருந்தது. பிறகு படி இறங்கினார்.

பன்னிரண்டு வருடம் அந்த மாடியில் இருந்தோம். அதற்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், உத்தரத்தில் இன்னொரு தொங்குகட்டிலும் ஏறியது. இடத்துக்கு அடித்துக்கொண்டோம். ஒரு குடையை எங்கே வைப்பது என்பதற்குக்கூடச் சண்டை வரும். ஆனாலும் மகளின் கட்டிலுக்குக் கீழே இருந்த அந்த ஆறடித் தரையில் நாங்கள் ஒரு சொம்பைக்கூட வைத்ததில்லை.